கொழும்பு மேடைகளில் நான் கேட்ட இசைக்குழுக்கள்

கேள்வி இதுதான்: கொழும்பில் வளர்ந்த ஒரு தமிழ் ரசிகர் நேரில் பார்த்த இசைக்குழுக்களில் எவை மனதில் நிற்கின்றன? கூடவே ஒரு சந்தேகமும் கேட்கப்பட்டிருக்கிறது. கொழும்பில் அப்படி என்ன மேடை இசை இருக்கிறது, சென்னையிலிருந்து பாடகர்கள் வரும்போது போய்ப் பார்ப்பதுதானே?

சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எனக்குக் கொஞ்சம் சுடுகிறது. சென்னையிலிருந்து வருபவர்களை நானும் ஓடி ஓடிப் பார்த்தவன்தான். எஸ்.பி.பி. சிரித்த முகத்தோடு ஒரு சங்கதியை மேடையிலேயே மாற்றிப் போடுவதை நேரில் கேட்டவர்களுக்கு அது ஆயுளுக்கும் போதும். ஆனால் வந்தவர்கள் அடுத்த நாள் விமானம் ஏறிவிடுவார்கள். இந்த ஊரிலேயே இருந்து, வெள்ளி இரவு ஹொட்டேலில், சனி இரவு கலியாணத்தில், ஞாயிறு ஏதோ ஒரு பாடசாலையின் பழைய மாணவர் ஒன்றுகூடலில் என்று ஓயாமல் வாசித்தவர்கள் வேறு ரகம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், மலாயர் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்க, நாலைந்து மணி நேரம் ஒருவரையும் எழுந்து போகவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவர்கள். கொழும்புக்கென்று சொந்தமாக ஒரு இசைக்கலை உண்டென்றால் அது இதுதான். பாடகரைவிடக் குழுதான் இங்கே பெரிது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, பிறகு வெள்ளவத்தைக்கு வந்து, இப்போது அறுபதை நெருங்குகிறவன். எங்கள் தலைமுறைக்கு எல்லாமே வானொலியில்தான் தொடங்கியது. 1925-இல் கொழும்பு வானொலியாகப் பிறந்து, ரேடியோ சிலோனாக வளர்ந்து, 1972-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. பெயர் என்ன மாறினாலும் எங்கள் வீட்டில் அது கடைசிவரை ரேடியோ சிலோன்தான். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் இவர்களுடைய குரல்களைத் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டை அங்கே உள்ளவர்களுக்கே இங்கிருந்து போட்டுக் கொடுத்த நிலையம் அது.

எழுபதுகளில் அதே நிலையத்தில் எங்கள் பொப் பாடல்களும் வரத் தொடங்கின. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பேச்சை அப்படியே தூக்கி கிட்டார் தாளத்தில் வைத்த பாட்டு. திருகோணமலையிலிருந்து எம்.பி. பரமேஷ் தன் சொந்தப் பாட்டை இசைத்தட்டாகவே கொண்டுவந்தார். அப்புறம் ஏ.ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றுதான் சுவரொட்டிகளில் போடுவார்கள். இந்தியாவில் சிலோன் மனோகர் என்றார்கள். சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுபோய் அங்குள்ள கலியாண வீடுகளிலும் பாட வைத்தவர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

மனோகரனை முதன்முதலில் மேடையில் பார்த்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். பெரியப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். சனம் முழுக்க மனோகரனைப் பார்த்தது. எனக்குக் கிடைத்த இடமோ மேடையின் ஓரம். அங்கிருந்து தெரிந்தது பொங்கோ வாசித்தவரின் முதுகும் கையும்தான். ஒரு பாட்டு முடியும் இடத்தில் கைதட்டல் எழும்பும். அந்தச் சத்தத்துக்குள் அவருடைய இரண்டு விரல்கள் மட்டும் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். கைதட்டல் அடங்கும்போது அடுத்த பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். சனத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் என் கண் பின்வரிசைக்குத்தான் போகும்.

பெரியப்பாவின் காலத்துக் கதைகளும் சொல்ல வேண்டும், அவர் இல்லாவிட்டால் நான் இதற்குள் வந்திருக்கவே மாட்டேன். காலி முகத்திடல் ஹொட்டேலில் கோகனட் குரோவ் என்றொரு நடன அரங்கு இருந்தது. அறுபதுகளில் அங்கே ஜெட்லைனர்ஸ் என்ற குழு வாசிக்கும். முன்னால் நின்று பாடியவர் மிக்னொன் ரட்ணம், பின்னாளில் மிக்னொன் பெர்னாண்டோ. ஒரு பெண் ஒரு குழுவையே தலைமை தாங்கி நடத்துவதை அன்றுதான் பார்த்தேன் என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்க அரசு அனுப்பிய ஜாஸ் சுற்றுப்பயணங்களில் 1958-இல் டேவ் புரூபெக்கும் 1963-இல் டியூக் எலிங்டனும் இங்கே வந்து வாசித்தார்கள். கொழும்பில் பிறந்த யோலாண்ட் பாவன் 1962-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் மூவர் குழுவான லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ரொஸ் குழுவில் ஆனி ரொஸின் இடத்தைப் பிடித்தார். இதையெல்லாம் இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை.

சரி, பைலா என்ற துள்ளாட்டப் பாட்டுக்கு வருவோம். பைலா தெரியாமல் கொழும்புக் குழுக்களைப் புரிந்துகொள்ள முடியாது.

போர்த்துக்கேயர் 1505-இல் வந்து 1658-இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் இழந்து போனார்கள். அவர்களோடும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களோடும் வந்த ஆட்டமும் பாட்டும் கரையோரத்தில் தங்கிவிட்டன. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினோடு ஆடுகிற கஃப்ரிஞ்ஞா அந்த வழி வந்ததுதான். கொழும்பில் 1940-களில் வோலி பஸ்தியன் அந்தத் தாளத்துக்குச் சிங்கள வரிகளைக் கொடுத்து மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னால் எம்.எஸ். பெர்னாண்டோ அதை வீடு வீடாகச் சேர்த்தார். வாசிப்பவர்கள் இந்தத் தாளத்தை 'சிக்ஸ்-எயிட்' என்பார்கள். ஆறு அடி, மும்மூன்றாகப் பிரியும். கேட்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை, காலுக்குத் தெரிந்துவிடும்.

கலியாண வரவேற்பில் இது எப்படி நடக்கும் என்று கிட்டப்போய்ப் பார்த்தால் குழுவின் திறமை தெரியும். முதல் இரண்டு மணி நேரம் மெதுவான ஆங்கிலப் பாட்டு, கொஞ்சம் வோல்ட்ஸ், நடுவில் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பழைய சிங்களப் பாட்டு ஒன்று. யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். குழுவும் கைவசம் இருப்பதைக் காட்டாது. சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் வரும் நேரத்தில் ட்ரம்ஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிடுவார். தலைவர் திரும்பிப் பார்த்து, எந்தச் சுருதி என்று விரலைக் காட்டுவார். மேலே நீட்டிய விரல்கள் ஷார்ப், கீழே நீட்டியவை ஃப்ளாட். இரண்டு விரல் மேலே என்றால் டி மேஜர். வாயால் ஒரு வார்த்தை இல்லை. பேஸ் கிட்டார்காரர் அந்தச் சுருதிக்கு வந்து நிற்பார், ஓர்கன்காரர் ஒரு கோர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பார், ட்ரம்ஸ் சிக்ஸ்-எயிட்டில் விழும். மேசையில் இருந்த மாமிமார்கூட கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்புவார்கள்.

பிறகு நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடும். நொன்ஸ்டொப் என்பது இதுதான். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பது எழுதி வைத்ததல்ல. ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் முடிவாகும். வயதானவர்கள் களைத்துப்போனால் வேகத்தைக் குறைக்காமல் பாட்டை மட்டும் பழையதாக மாற்றுவார்கள். பெண் வீட்டார் தமிழர்கள், இன்னும் மேசையைவிட்டு எழும்பவில்லை என்று கண்டால், இடையில் நாலு வரி 'சுராங்கனி', அதிலிருந்து நேராக ஒரு தமிழ் சினிமாப் பாட்டு, அதையும் சிக்ஸ்-எயிட்டுக்கு மாற்றி. பாடுகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். சொல்லை ஒலியாக மனனம் செய்து வைத்திருப்பார். உச்சரிப்பு அங்கங்கே தடுக்கினாலும் ஒருவரும் குறை சொன்னதை நான் கேட்டதில்லை. ஒரு மண்டபத்தில் மூன்று மொழிக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டுக்கு ஆடுவதை இந்த நாட்டில் வேறு எங்கே பார்க்கலாம்?

இந்தக் கலையில் உச்சம் தொட்டவர்கள் ஜிப்சீஸ். கேள்வியின் முதல் பகுதிக்கு ஒரே பெயரில் பதில் சொல்லச் சொன்னால் அந்தப் பெயரைத்தான் சொல்வேன். மொரட்டுவையில் அன்டன் பெரேரா தன் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய குடும்பக் குழு. பின்னாளில் அதன் முகமாக இருந்தவர் மகன் சுனில் பெரேரா. அவர் பாட்டுகளில் ஆட்டமும் இருக்கும், அரசியல்வாதிகளையும் சமூகத்தின் போலித்தனங்களையும் பிடித்து உலுக்குவதும் இருக்கும். எனக்குச் சிங்களம் ஓரளவுதான் வரும். ஆனால் அவர் ஒரு வரியை நிறுத்தி, கண்ணை உருட்டி, சனத்தைப் பார்க்கும்போது அடுத்த வரியில் யாருக்கோ அடி விழப்போகிறது என்பது புரிந்துவிடும். சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைவரை போய்ச் சேர்வதைக் காதால் கேட்கலாம்.

அதோடு அந்தக் குழு எவ்வளவு இறுக்கமாக வாசித்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. பகிடிக்கார பைலாக் குழு என்று நினைத்துவிடுகிறார்கள். பித்தளை வாத்தியம் நுழைகிற இடம், எல்லோரும் ஒன்றாக நிறுத்தி அரை நொடி விட்டு ஒன்றாகத் திரும்ப எடுக்கும் இடம், இவை ஒவ்வொரு இரவும் ஒரு மயிரிழை பிசகாமல் வரும். சின்ன வயதிலிருந்து ஒரே வீட்டில் சேர்ந்து வாசித்தவர்களுக்குத்தான் அது வாய்க்கும். 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி கொவிட்டுக்குப் பின்னான சிக்கல்களால் சுனில் காலமானபோது நாடு ஊரடங்கில் இருந்தது. அவர் ஆடவைத்த சனத்தால் வழியனுப்பக்கூடப் போக முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. தம்பி பியாலோடு குழு தொடர்கிறது. போய்ப் பாருங்கள்.

அதற்கு நேர் எதிர்த்தன்மை கிளாரன்ஸ் விஜேவர்தன. அறுபதுகளின் நடுவில் அனஸ்லி மாலவனவோடு மூன்ஸ்டோன்ஸ், பிறகு கோல்டன் சைம்ஸ். சிங்களப் பாட்டுக்குள் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்து அது அந்நியமாகத் தெரியாமல் செய்தவர். நான் அவரைப் பார்த்தது அவருடைய பிற்காலத்தில். மேடையில் அலட்டல் கிடையாது, ஆட்டம் கிடையாது. கிட்டாரில் ஒற்றை ஒற்றைச் சுரமாக ஒரு சின்ன முகப்பு வாசிப்பார், அவ்வளவுதான், மண்டபம் பாடத் தொடங்கிவிடும். 1996 டிசம்பரில் போய்விட்டார். கொழும்பில் எந்தக் குழுவுக்குப் போய் இருந்தாலும் அவருடைய பாட்டு ஒன்றாவது கேட்காமல் வீடு திரும்ப முடியாது.

இனி எங்கள் சொந்த மெல்லிசைக் குழுக்கள். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், இவைதான் எங்களுக்குப் பெரிய அரங்குகள். அப்சராஸ் போன்ற குழுக்கள் அங்கே வாசித்தன. யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணன் போன்றவர்கள் வருவார்கள். நேசம் என்பவரோடு சேர்ந்து கண்ணன்–நேசம் என்ற பெயரில் இலங்கைத் தமிழ்ப் படத்துக்கே இசையமைத்தவர் அவர். பாடியவை பெரும்பாலும் இந்திய சினிமாப் பாட்டுகள்தான். அதனால் 'நகல்தானே' என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் இளையராஜாவுக்கு ஒரு வரிசை வயலின்கள் இருந்தன. இங்கே ஒரு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு ஓர்கன். எழுதிய இசைக்குறிப்பு கிடையாது. கசெட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாடா நைந்துபோகும்வரை கேட்டு, பின்னணியில் ஓடும் பேஸ் வரியைப் பிரித்து எடுத்தவர்கள் இவர்கள்.

அதில் ஒரு ஓர்கன்காரரை மறக்க முடியாது. இடைஇசையில் வயலின்களின் மேல்வரியை வலது கையால் வாசிப்பார், செல்லோ வரியை இடது கையால். புல்லாங்குழல் நுழையும் இடத்தில் வலது கையை எடுத்துவிட்டுக் குழல்காரரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுவார். குழல் வந்ததும் மறுபடியும் வயலின்களுக்குப் போவார். தபேலாக்காரரோ ஒரு கையில் டோலக், மறு கையில் தபேலா. பாட்டு மூலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வந்தது என்று சனம் விசிலடித்தது. அந்த 'அப்படியே'க்குப் பின்னால் எத்தனை பகுதிகளை விட்டுவிட வேண்டும், எதை விட்டால் யாருக்கும் தெரியாது, எதை விட்டால் பாட்டே செத்துவிடும் என்ற கணக்கு இருந்தது. அது பெரிய இசையறிவு. அவர்கள் பெயர்கள் எந்த இசைத்தட்டிலும் இல்லை.

மொழி தாண்டி வேலை செய்த பெரியவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். தமிழரான ஆர். முத்துசாமி சிங்களப் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் பெற்றவர். சேலத்திலிருந்து வந்த முகைதீன் பேக் என்ற முஸ்லிம் பாடியதுதான் இன்றும் வெசாக் தோறும் ஒலிக்கிற பௌத்த பக்திப் பாடல்கள். சிங்கள ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழர்களில் பலருக்குத் தெரியாது.

1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு கொழும்புத் தமிழ் மேடை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஹெந்தளையில் இருந்த விஜயா சினிமா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. வாசித்தவர்கள் ஒவ்வொருவராக டொரொண்டோ, லண்டன், பாரிஸ் என்று போனார்கள். நன்றாக வாசிக்கிற ஒரு பேஸ் கிட்டார்காரர் போனால் ஒரு குழுவே நின்றுபோகும். மிஞ்சியவர்கள் வேறு குழுக்களின் ஆட்களைக் கடன் வாங்கித்தான் நிகழ்ச்சி செய்தார்கள்.

யுத்த காலத்தில் இசை கேட்கப் போவதே ஒரு ஏற்பாடு. இரவு நிகழ்ச்சி என்றால் வீட்டில் அம்மா கேட்கும் முதல் கேள்வி யார் பாடுகிறார்கள் என்பதல்ல, எத்தனை மணிக்கு முடியும் என்பது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவின் பிரதி, டிக்கெட்டின் பாதி, மூன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்தினால் எங்கிருந்து வருகிறோம் என்பதற்கு அந்தப் பாதி டிக்கெட்தான் சாட்சி. கடைசிப் பாட்டைக் கேட்காமல் எழும்பி வந்த இரவுகள் ஏராளம். 2004 டிசம்பர் 11-ஆம் தேதி ஷாருக் கான் குழுவினரின் நிகழ்ச்சியில் குண்டு வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள்.  அதன் பிறகு வெகுகாலம் கூட்டத்துக்குள் நிற்கும்போது வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்துவைக்கிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. எனக்கு இன்னும் போகவில்லை.

அதே காலத்தில்தான் கொழும்பில் இளைஞர்களின் வேறொரு மேடை வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டிக்மாட்டா என்ற மெட்டல் குழு. சுரேஷ் டி சில்வா பாட்டு, டென்னிசன் நெப்போலியன் கிட்டார். 2006-இல் வெளிவந்த அவர்களுடைய 'சைலன்ட் கேயோஸ் சர்ப்பன்டைன்' ஆல்பத்தில் கெட்டி மெட்டலுக்குள் இந்த மண்ணின் தாளங்கள் எட்டிப் பார்க்கும். எனக்கு அப்போதே நாற்பது. கறுப்பு டீஷேர்ட் போட்ட பொடியன்களுக்கு நடுவில் நரைத்த தலையோடு நின்றேன், ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. ஒருவர் தண்ணீர்ப் போத்தல் நீட்டி "அங்கிள், முன்னுக்கு வாங்க, அங்கதான் சவுண்ட் நல்லம்" என்றார். அந்தக் குழுவின் ட்ரம்ஸையும் இரண்டு கிட்டாரையும் கேட்டால் இது பொழுதுபோக்குக்காகச் செய்கிற வேலை அல்ல என்பது உடனே விளங்கும்.

தமிழ் ராப்பில் இந்த ஊருக்கும் ஒரு இடம் உண்டு என்று பெருமையோடு சொல்வேன். கிரிஷான் மகேசனின் 'ஏஷியன் அவென்யூ' 2006-இல் வந்தது. கொழும்பு பொடியன் கதைக்கிற தமிழில், ஆங்கிலம் இடையில் ஓட, அப்படியே பாடினார். தினேஷ் கனகரத்தினம், ஏ.டி.கே. என்றால் எல்லோருக்கும் தெரியும், 2013-இல் ஏ.ஆர். ரஹ்மானின் 'கடல்' படப் பாட்டுவரை போய்விட்டார். இவர்களுடைய ஆரம்ப கால மேடைகளில் பின்னணி பெரும்பாலும் சிடியில்தான் ஓடும். குழு கிடையாது. எனக்கு அது ஒரு குறைதான். ராப் பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு ட்ரம்ஸ்காரர் உட்கார்ந்திருந்தால் சொல்லுக்குத் தகுந்த மாதிரி அடியும் அசையும்.

கிரிக்கெட் மைதானத்தில் வாசிக்கிற பப்பரே பாண்டை விட்டுவிட முடியாது. மார்ச் மாதம் பாடசாலைகளின் கிரிக்கெட் பெருஞ்சமர்கள் வரும். ரோயல்–தோமியன் போட்டி 1879-இலிருந்து நடக்கிறது. நாலைந்து ட்ரம்பெட், ஒரு பெரிய முரசு, சின்ன முரசுகள், கூடாரத்தின் கீழே வெயிலில் காலையிலிருந்து மாலைவரை. மைக் இல்லை, மேடை இல்லை. அந்த ட்ரம்பெட்காரர்களின் உதட்டுக்கு இருக்கிற பலம் எந்த ஹொட்டேல் குழுவுக்கும் கிடையாது. ஆட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்று எனக்குப் பல தடவை தெரியாது, பாட்டுக்குத்தான் போனேன்.

வெளிநாட்டுப் பெரும் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2010-இல் ஏகோனுக்கு விசா மறுக்கப்பட்டது. 2015 டிசம்பரில் என்ரிக்கே இக்லேசியாஸ் வந்து போன பிறகு, மேடையில் சில பெண்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று அப்போதைய ஜனாதிபதியே சொன்னார். பத்திரிகைகளில் நாள்கணக்கில் அதுதான் பேச்சு. இசையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

இப்போது போக நினைப்பவர்களுக்கு இடங்களைப் பற்றிச் சில விஷயங்கள். லயனல் வென்ட் அரங்கு, 1953-இல் திறந்தது, சின்னது. எங்கே இருந்தாலும் வாத்தியத்தின் உண்மையான ஒலி வரும். ஒலிபெருக்கி குறைவாகப் பாவிக்கிற நிகழ்ச்சி என்றால் தயங்காமல் போகலாம். பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம் 1973-இல் கட்டியது, பேச்சுக்காகக் கட்டிய இடம் என்பது பெரிய குழு வாசிக்கும்போது தெரியும். 2011 டிசம்பரில் திறந்த தாமரைத் தடாக அரங்கில் பால்கனியின் முன்வரிசை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சுகததாச உள்ளரங்கு விளையாட்டுக்கான இடம், கூரையும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். அங்கே அதிக விலை டிக்கெட்டில் மேடைக்கு ஒட்டி இருந்தால் அடிமுரசு மட்டும்தான் கேட்கும். ஒலிக்கலவை செய்கிறவரின் மேசை எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்கு ஏற்றபடிதானே சரிசெய்கிறார்.

என்ன கேட்பது? மரியன்ஸின் 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சி ஒன்றையாவது. நளின் பெரேராவின் குரலுக்காக மட்டுமல்ல, பழைய பாட்டுக்கு அவர்கள் புதிதாகப் போடும் தாள அமைப்புக்காகவும். ஆடத்தான் வேண்டும் என்றால் வேயோ குழு. வித்தியாசமாகக் கேட்க வேண்டும் என்றால் பலிஃபொனிக்ஸ் எப்போதாவது வாசிக்கும்போது விடாதீர்கள். தென்கரையில் கிரக தோஷம் நீக்கச் செய்கிற 'பலி' என்ற சடங்கின் பறையும் பாட்டும், அவற்றோடு ஜாஸ் ட்ரம்ஸும் பேஸும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபடும். கொள்ளுப்பிட்டி காலி வீதியில் பெயார்ஃபுட் தோட்டத்தில் ஞாயிறு மதியம் ஜாஸ் கேட்கக் கிடைத்தால் அதுவும் நல்லது, கூட்டம் குறைவு, வாசிக்கிறவரின் கை தெரியும் தூரத்தில் இருக்கலாம்.

தமிழ்க் குழுக்கள் இப்போதும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் வாசிக்கின்றன. புதிய பிள்ளைகள், பலர் மேற்கத்தேய இசைப் பரீட்சைகள் எழுதியவர்கள், இசைக்குறிப்பைப் பார்த்தே வாசிக்கிறார்கள். அன்றைய ஓர்கன்காரர் காதால் பிடித்ததை இவர்கள் கண்ணால் பிடிக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அரங்கில் பாதிப் பேர் 'பாஸ்' வாங்கி வந்தவர்கள். தெரிந்தவர் வாசிக்கிறார், ஏற்பாட்டாளர் எங்கள் பக்கத்து வீடு என்று சொல்லி இலவசமாக வாங்குவது எங்கள் ஆட்களிடம் பழக்கமாகிவிட்டது. மண்டப வாடகையும் சவுண்ட்ஸ்காரரின் கூலியும் போக வாசித்தவருக்கு என்ன மிஞ்சும்? அதனால் போகிறவர்கள் தயவுசெய்து டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பாடகரோடு படம் எடுக்க வரிசையில் நிற்பதற்கு முன், பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருக்கும் ட்ரம்ஸ்காரரிடம் போய், எந்தப் பாட்டில் எந்த இடம் பிடித்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.